வன்னி மரத்துப் பொந்தும் நாற்பது கட்டங்களும்

விராட நாட்டுக்குள் நுழையுமுன் பாண்டவர்கள் தங்கள் ஆயுதங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, சுடுகாட்டருகே நின்ற வன்னி மரத்தில் ஒளித்து வைத்தார்கள். ஓராண்டு கழித்து விராடன் மகன் உத்தரன் அந்த மரத்தில் ஏறிக் கட்டை அவிழ்க்கிறான். பொன்புள்ளி இட்ட இந்த வில் யாருடையது, புலித்தோல் உறைக்குள் இருக்கும் வாள் யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். பேடி வேடத்தில் நிற்கும் அருச்சுனன் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் உரியவனைச் சொல்லி, காண்டீபம் யார் யார் கையில் இருந்து தன்னிடம் வந்தது என்பதையும் சொல்கிறான். போனில் கேம் ஆடும் பிள்ளைக்கு இந்த இடத்தை விளக்கவே தேவையில்லை. பையைத் திறந்து ஓர் ஆயுதத்தின் மேல் விரலை வைத்தால் அதன் பெயரும் வலிமையும், சில வேளை அதை முன்பு ஏந்தியவனின் கதையும் திரையில் வருவதை அவன் தினமும் பார்க்கிறான்.

அந்தப் பையைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறோம். கேம் என்றால் படிப்பைக் கெடுப்பது, கண்ணைக் கெடுப்பது என்ற இரண்டு வரியோடு நம் பத்திரிகைகள் நிறுத்திக்கொள்கின்றன. சப்ரகமுவையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இன்று பதினைந்து வயதில் இருக்கும் பிள்ளை நாவல் படிப்பதைவிட, படம் பார்ப்பதைவிட அதிக நேரம் கேமுக்குள் கதை கேட்கிறான். அவன் கேட்கும் கதை எப்படிப்பட்டது என்று பார்ப்பது இலக்கியம் பேசும் இதழின் வேலை.

மாயாஜால உலகத்துப் பாத்திர விளையாட்டுகளில் பைக்கு அளவு வைப்பது பழைய வழக்கம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காகிதமும் பகடையும் வைத்து ஆடுவது. அதிலேயே வீரன் சுமப்பதற்கு எடைக் கணக்கு உண்டு. எடையைப் பொற்காசுகளால் அளந்தார்கள். குகைக்குள் புதையலைத் தேடிப் போகிறவன் அதை வெளியே தூக்கிவர முடியுமா என்பதும் ஆட்டத்தின் பகுதியானது. 1996இல் வந்த டயப்லோ எடையை விட்டுவிட்டு இடத்தைக் கணக்கெடுத்தது. அகலத்தில் பத்து, உயரத்தில் நான்கு என்று நாற்பது கட்டங்கள். மருந்துக் குப்பிக்கு ஒரு கட்டம் போதும், மார்புக் கவசத்துக்கு ஆறு கட்டம் வேண்டும். பொற்காசும் கட்டத்தை அடைக்கும், ஒரு கட்டத்தில் ஐயாயிரம் காசுக்கு மேல் கொள்ளாது. பணம் சேரச்சேரப் பையில் இடம் குறைகிற அந்த ஏற்பாட்டை நினைத்தவர் பெரிய கதைசொல்லி என்றே நாம் நினைக்கிறோம்.

2011இல் இரண்டு கேம்கள் வந்தன. ஸ்கைரிமில் தொடக்கத்தில் முந்நூறு அலகு எடைவரை சுமக்கலாம். அதைத் தாண்டினால் ஓட முடியாது, அடிமேல் அடி வைத்து நடக்கத்தான் முடியும். டார்க் சோல்ஸில் பைக்குள் எத்தனை இருந்தாலும் கேள்வியில்லை. உடம்பில் அணிந்திருப்பதற்கும் கையில் பிடித்திருப்பதற்கும்தான் கணக்கு. தாங்கும் எடையில் கால்பங்குக்குள் இருந்தால் லேசாக உருண்டு அடியிலிருந்து தப்பலாம். பாதியைத் தாண்டினால் விழுந்து எழுவதற்குள் எதிரியின் வாள் இறங்கிவிடும். கனத்த இரும்புக்குள் பத்திரமாக நிற்பதா, மெல்லிய துணியோடு விலகி நிற்பதா என்பதை ஆடுகிறவன் தன் சுபாவத்தைப் பார்த்து முடிவு செய்கிறான். 2017இல் வந்த செல்டா தொடரின் பிரெத் ஒஃப் த வைல்டில் வாள் அடிக்க அடிக்கத் தேய்ந்து உடைந்துபோகும். பை நிறைந்திருந்தால் புது ஆயுதத்தை எடுக்குமுன் ஒன்றைக் கீழே போட வேண்டும். பலருக்கு அது எரிச்சல். எங்களுக்கு அது அந்த கேமின் ஆகச்சிறந்த இடமாகப் படுகிறது. ஒரு சண்டை தொடங்குமுன் இந்த எதிரி இந்த வாளுக்குப் பெறுமதியானவனா என்று அதில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல ஆயுதத்தைக் கடைசிச் சண்டைக்கு என்று ஒதுக்கி வைத்து, கடைசிச் சண்டையும் முடிந்த பிறகு அது பையிலேயே கிடக்கக் காண்பது கேம் ஆடும் எல்லோருக்கும் நேர்ந்தது. கர்ணனுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்து இந்திரனிடம் வாங்கிய சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைக்கு உரியது. அருச்சுனனுக்கென்று அதை வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் கௌரவர் படையைக் கலைத்து அடித்தபோது, படையே கூவி அழைக்க, அதை அவன்மேல் விட்டான். அந்தக் கணத்தில் அருச்சுனன் பிழைத்தான், கர்ணனின் முடிவும் எழுதப்பட்டது. ஒரு தடவைதான் என்ற அளவு இல்லாதிருந்தால் அந்த இரவுக்குக் கதையில் இடமே இல்லை. எதிலும் அளவு வைக்காத கேம்கள் விரைவில் சலித்துப்போவதற்கும் இதே காரணம்தான்.

நம் தோட்டங்களில் ஆடப்பட்டுவந்த கூத்துகளில் இரண்டு இந்த விஷயத்தையே மையமாகக் கொண்டவை. அருச்சுனன் தபசு முழுக்க முழுக்க ஓர் ஆயுதத்தைப் பெறப் போகும் கதை. நட்டுவைத்த உயரமான கம்பத்தில் அருச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே ஏறுவதை விடியவிடியப் பார்த்தவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அந்தக் கதையின் உச்சம் வேடனோடு நடக்கும் சண்டை. பன்றியை வீழ்த்திய அம்பு யாருடையது என்ற வாக்குவாதம் போராக மூள்கிறது. வற்றாத அம்பறாத்தூணி அருச்சுனனுடையது. வேடனாக வந்த சிவனுக்கு முன்னே அது வற்றிவிடுகிறது. அம்பு தீர்ந்ததும் வில்லால் அடிக்கிறான், வில்லை வேடன் பறித்துக்கொள்கிறான். வாளை ஓங்குகிறான், வாள் உடைகிறது. மரத்தைப் பிடுங்கி எறிகிறான், கல்லை எறிகிறான், கடைசியில் வெறுங்கையால் குத்துகிறான். எல்லாம் தீர்ந்து விழுந்த பிறகுதான் பாசுபதம் கைக்கு வருகிறது. அதுவும் நிபந்தனையோடு வருகிறது: வலிமை குறைந்தவன்மேல் விட்டால் உலகத்தையே அழித்துவிடும். மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனிடம் இருப்பது கரும்பு வில்லும் ஐந்து பூ அம்புகளும். தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம். அந்த ஐந்தை மட்டும் கொண்டு சிவனின் நெற்றிக்கண்ணுக்கு எதிரே போகச் சொல்கிறார்கள் தேவர்கள், மனைவி ரதி தடுத்தும் போகிறான். ஆயுதத்தின் எண்ணிக்கையைச் சொல்லி ஆளின் கதியைச் சொல்லிவிடும் இந்த நுட்பம் வெளிநாட்டு கேம் வடிவமைப்பாளர் எவருக்கும் பாடமாகக்கூடியது.

இனித் தோட்டத்துக்கு வருவோம்.

பாத்திர விளையாட்டு தொடங்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி, நீ யார், எதை ஏந்தப் போகிறாய் என்பது. வாளா, வில்லா, மந்திரக்கோலா. இந்தக் கேள்வி நம் பிள்ளைகளின் தாய் தகப்பனிடம் வேலைத்தளத்தில் கேட்கப்பட்டதே இல்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பிரட்டில் யார் எந்த மலைக்கு, யார் கையில் எது என்று தீர்மானமாகிவிடும். கவ்வாத்துக் கத்தி ஆண்களுக்கு, கொழுந்துச் சாக்கு பெண்களுக்கு. சப்ரகமுவையில் தேயிலையோடு இறப்பரும் இருப்பதால் பால்வெட்டும் கத்தியும் வாளியும் இரண்டு பேர் கைக்கும் வரும், மழை பெய்தால் அதுவும் இல்லை. சுமையின் அளவோ மிக நன்றாகத் தெரியும். இத்தனை கிலோ கொழுந்து இருந்தால்தான் ஒரு நாள் பேர், குறைந்தால் அரைப்பேர். நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கப்படும் கிலோ எவ்வளவு என்று எந்தப் பெண்ணும் சொல்வாள். எடைக்கணக்கு வெறும் விளையாட்டு விதி என்று இங்கே யாரும் நினைக்க முடியாது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளை இரவில் போனைத் திறந்து, தனக்கான ஆயுதத்தைத் தானே தெரிந்தெடுக்கிறான். அதற்குச் செலவிடும் நேரத்தைப் பார்த்து நாம் கோபப்படுமுன், தெரிந்தெடுக்கும் உரிமை அவனுக்கு வேறு எங்கே கிடைத்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி இந்த மண்ணில் உயிரோடு விளையாடியும் இருக்கிறது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் 1983இலும் நடந்த இன வன்முறைகளில் சப்ரகமுவைத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. இரவில் லயத்தை விட்டுத் தேயிலைக்குள்ளும் இறப்பர் மலைக்குள்ளும் ஒளிந்தவர்கள் கையில் எடுத்துச் சென்றது எவ்வளவு இருக்கும்? 1977க்கும் 1981க்கும் பிறகு பல குடும்பங்கள் திரும்பி வராமல் வவுனியாப் பக்கம் போய் காந்தியம் அமைப்பின் உதவியோடு காட்டை வெட்டிக் குடியேறின. அதற்கு முன் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியபோது, மூன்று தலைமுறைச் சீவியத்தை ஒரு தகரப்பெட்டிக்குள் அடக்கித் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் உண்டு. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபான தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் என்ன எடுத்துக்கொண்டு ஓடுவது என்று ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. நகைக்கு முன்னால் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அதில் வரும். 1948இல் சட்டம் போட்டு நாடற்றவராக்கப்பட்டவர்களில் பலருக்கு 2003 வரை அந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அதனால் அதன் பெறுமதி சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஸ்கைரிமில் கதை நகரத் தேவையான பொருளுக்கு எடை இல்லை, அதைக் கீழே போடவும் முடியாது. கடல் தாண்டி வந்த நம் முன்னோர் கூத்தை அப்படித்தான் கொண்டு வந்தார்கள்.

கேம் கம்பனிகள் இந்த அளவை வைத்துச் செய்யும் வியாபாரத்தை மட்டும் நாம் மன்னிக்கத் தயாரில்லை. பாத் ஒஃப் எக்ஸைல் இலவசமாகக் கிடைக்கிறது, பொருட்களைப் போட்டுவைக்கும் பெட்டிகளைக் காசுக்கு விற்கிறது. பிளாக் டெசர்ட்டில் கூடுதலாகச் சுமக்கும் வலிமையையே காசு கொடுத்து வாங்கலாம். நெருக்கடியை உண்டாக்கி, அதிலிருந்து வெளியே வரும் வழியை விற்பது இது. டயப்லோவின் நாற்பது கட்டங்களை எவ்வளவு பணம் கொடுத்தாலும் நாற்பத்தொன்றாக்க முடியாது. அதனால்தான் அதற்குள் எடுத்த முடிவுக்கு அர்த்தம் இருந்தது. அளவு கதைக்காக வைக்கப்பட்டதா, கல்லாவுக்காக வைக்கப்பட்டதா என்று பிரித்துப் பார்க்கும் கண் நம் இளைஞர்களுக்கு வேண்டும். நெருக்கடியில் தள்ளிப் பிடித்துவைக்கும் கடன் என்றால் என்ன என்று பெரிய கங்காணி காலத்திலிருந்து அறிந்த சமூகம் இது. பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பேச நம்மவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

2020இல் பூனேயைச் சேர்ந்த ஒரு சிறு குழு ராஜி என்ற கேமை உருவாக்கியது. துர்க்கை அருளிய திரிசூலத்தோடு தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. அருச்சுனன் தபசை, காமன் கூத்தை நம் பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? கோடோ போன்ற கேம் செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்தே அம்புகள் கொண்ட ஒரு நாயகன், ஏற ஏறப் பாட்டு மாறும் ஒரு கம்பம், சண்டையில் ஒவ்வொன்றாகத் தீரும் ஆயுதங்கள், சிறிய கேம் ஒன்றுக்கு இதுவே தாராளம். வாளுக்குப் பதில் பால்வெட்டும் கத்தியோடு ஒரு பெண் நாயகியாக வரும் கேமும் செய்யலாம். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எவ்வளவு ஆழம் போனால் மரம் கெடும் என்ற அந்தக் கைநுட்பத்தை எந்த கேமிலும் இதுவரை நாங்கள் பார்க்கவில்லை.

இதற்கு முதலில் வேண்டியது கூத்தின் ஏடு. மலையகம் என்றால் நுவரெலியா, ஹட்டன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவைத் தோட்டங்களின் கூத்துகள் போதுமான அளவு பதிவாகவில்லை. இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கங்களில் வேடம் கட்டியவர்களும் வாத்தியார்களும் வயதாகிப்போனார்கள். அருச்சுனன் தபசின் வேடன் சண்டைப் பாட்டு உங்கள் தோட்டத்தில் எப்படிப் பாடப்பட்டது, கம்பம் என்ன மரம், எத்தனை முழம், வில்லும் அம்பும் எதில் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். போனில் குரலைப் பதிந்து அனுப்பினாலும் சரி. கேம் ஆடும் தம்பி தங்கையரும் எழுதுங்கள். எந்த ஆயுதத்தை எடுத்தீர்கள், எதைக் கீழே போட்டீர்கள், ஏன் என்று இரண்டு பக்கம் போதும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், திருத்துவதும் தட்டச்சு செய்வதும் எங்கள் பொறுப்பு. அடுத்த இதழிலிருந்து இதற்கென்று நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

– ஆசிரியர் குழு