மாத்திரையும் மனமும்



நம் பங்கிலுள்ள ஓர் இல்லத்திற்குச் சில மாதங்களுக்கு முன் சென்றிருந்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாய் தம் சிறுநீரகம் ஒன்றை ஈந்து மகனைக் காப்பாற்றிய இல்லம் அது. மகனின் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருப்பதாகச் சோதனையில் தெரிந்திருந்தது. மாத்திரைகளை அவர் ஒழுங்காக உட்கொள்ளவில்லை. "சுவாமி, நீங்களே இவனைக் கேளுங்கள்" என்று தாய் கண்ணீர் விட்டார். நாமும், "தாயின் தியாகத்தை மறந்துவிட்டாயா தம்பி?" என்று கடிந்துகொண்டோம். இளைஞர் தலைகுனிந்தார், பதில் இல்லை. "ஏன்?" என்று நாம் கேட்கவே இல்லை என்பது வழியில்தான் நமக்கு உறைத்தது.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றினார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். ஆகவே உடல் அதை ஏற்றுக்கொண்டது. மற்றவர் உடலிலோ, நோயை எதிர்க்கும் ஆற்றலே புதிய உறுப்பையும் அந்நியனாகக் கருதித் தாக்கும். அதை அடக்கிவைப்பவை டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள். இக்காவலன் பத்தாண்டு சென்றாலும் உறங்குவதில்லை. எனவே, உறுப்பு இயங்கும் காலமெல்லாம் மருந்தும் வேண்டும்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஏன் தவறுகிறார்கள்? முதற்காரணம் மறதி. நீண்டநாள் சிறுநீரக நோய் நினைவையும் கவனத்தையும் மங்கச் செய்யும். மாற்றுச் சிகிச்சைக்குப்பின் அவை பெரிதும் தேறினும், எல்லாருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. இரண்டாவது, ஒருவேளை தவறினால் வலி ஏதும் தோன்றுவதில்லை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மனம் ஏமாறுகிறது. கிரியேட்டினின் ஏறியபின் விழித்தால், இழந்தது முழுவதும் மீளாமற் போகலாம். மூன்றாவது, பக்கவிளைவுகள். பிரெட்னிசலோன் முகத்தை உப்பச் செய்யும். டாக்ரோலிமஸால் கை நடுங்கலாம். நான்காவது, மனச்சோர்வு. ஒவ்வொரு மாத்திரையும் நோயையும் பிறருக்குப் பட்ட கடனையும் நினைவூட்டினால், கை தானே பின்வாங்கும்.

மறுவாரம் மீண்டும் சென்று, இம்முறை கேட்டோம். "இரவு எட்டு மணிக்குப் பட்டறையில் இருப்பேன், சுவாமி. எல்லார் முன்னிலும் மாத்திரை எடுக்கக் கூச்சமாயிருக்கும். தவறியதைச் சொன்னால் அம்மா அழுவார்கள். அதனால் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுவேன்" என்றார். நம் கடிந்துரை அப்பொய்க்கு மேலும் ஒரு பூட்டாகியிருந்தது.

அவரை மருத்துவரிடம் உண்மையைச் சொல்லச் செய்தோம். நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் வகை ஒன்று உண்டென்று கூறி, மருத்துவர் அதற்கு மாற்றினார். இத்தகைய மாற்றத்தை மருத்துவரே செய்யவேண்டும். நாமாகச் செய்தல் ஆகாது.

குடும்பத்தார் செய்யக்கூடியவை சில உண்டு. மாத்திரையைப் பல் துலக்குதல், காப்பி போன்ற அன்றாடப் பழக்கத்தோடு இணையுங்கள். கிழமைவாரியாக அறைகள் கொண்ட பெட்டியில் ஞாயிறன்றே நிரப்பிவையுங்கள். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். மருந்தின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், காலை மாத்திரையைக் கையோடு கொண்டுசென்று, இரத்தம் கொடுத்தபின் உட்கொள்ள வேண்டும். ஒருவேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாக விழுங்காமல், மருத்துவமனையைக் கேளுங்கள். பக்கவிளைவு தொல்லை தந்தால் மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் முறையிடுங்கள்.

அனைத்திற்கும் மேலாக, "சாப்பிட்டாயா?" என்று விசாரணை செய்யாதீர்கள். "இந்த வாரம் எத்தனை வேளை தவறியது?" என்று இயல்பாகக் கேளுங்கள். தவறுவது மனித இயல்பே என்று அக்கேள்வியே சொல்லிவிடும், உண்மையும் வெளிவரும்.

அத்தாயிடம் நாம் கூறியது இதுதான்: "அம்மா, நீங்கள் கொடுத்தது கொடை. அதை நாள்தோறும் நினைவூட்டினால் அவருக்கு அது கடனாகிவிடும்." இப்போது ஞாயிறு மாலைகளில் தாயும் மகனும் சேர்ந்தமர்ந்து பெட்டியை நிரப்புகின்றனர். கடிந்துகொண்டமைக்காக நாமும் அவ்விளைஞரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.