கோப்பு வந்தது, எழுத்து வரவில்லை
விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் பலர் புதுக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கவலைதான்: பழையதில் இருந்ததெல்லாம் அப்படியே வந்துவிடுமா? படங்களும் பாட்டும் வந்துவிடும், அதில் பேச ஒன்றுமில்லை. நெடுங்காலமாகத் தமிழில் தட்டச்சு செய்பவர்களின் பாடுதான் வேறு. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கட்டுரையைப் புதுக் கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குழம்பிக் கிடக்கும். கோப்பு கெட்டுவிடவில்லை. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தது. அது இல்லையென்றால் வேடம் கலைந்துவிடும். அதுவோ நாம் பென்டிரைவில் அள்ளி வந்த டாக்குமென்ட்ஸில் இல்லை. விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸில் இருக்கிறது. வேர்டுக்கு நாம் சொல்லிக்கொடுத்த சொற்களின் பட்டியலும் அப்படித்தான், கண்ணில் படாத ஆப்டேட்டாவில் ஒளிந்திருக்கும். கணினிக் கடைத் தம்பிகளுக்கு இதற்கெல்லாம் பொறுமை ஏது? “சி டிரைவ்ல முக்கியமா ஒண்ணும் இல்லையே சார்?” என்று கேட்டுக்கொண்டே ஃபார்மட் போட்டுவிடுவார்கள். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாத யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று அரசாணை போட்டுவிட்டது. ஆனால் நம் பழைய கோப்புகளுக்கு அந்த அரசாணை தெரியாதே! எழுத்துருவை மட்டும் தூக்கி வந்தால் அடுத்த கணினியிலும் இதே கூத்துதான். பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் தள்ளும் முன், உட்கார்ந்து கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே மேல்.