அம்மாவுக்கு ஜன்னல் சீட் வேண்டாம்!

மகளுக்குப் பிரசவம். பருப்புப் பொடி, லேகியம் சகிதம் லண்டன் கிளம்புகிறார் அம்மா. 'எவ்வளவு நேரப் பிரயாணம்?' என்று கேட்டால் டிக்கெட்டைப் பார்க்கிறார். 'காலம்பர அஞ்சரைக்குக் கிளம்பினா பதினோரு மணிக்குப் போயிடும். திருச்சி போற நேரம்தான்!'

அங்கேதான் கணக்கு தப்புகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கோடையில் நாலரை. ஆக, சுமார் 8,200 கிலோ மீட்டரைக் கடக்க அம்மா உட்கார்ந்திருக்கப் போவது 11 மணி நேரம்! வீட்டு வாசலில் இருந்து மகள் வீட்டு வாசல்வரை கணக்குப் போட்டால் 15, 16 மணி நேரம் ஆகிவிடும். கடிகாரத்தை ஏமாற்றலாம், கால்களை ஏமாற்ற முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போனார். 'பக்கத்துல ரெண்டு பேர் தூங்கறா. எப்படி எழுப்பறது?' என்று எழுந்திருக்கவே இல்லை. பாத்ரூம் போகவேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. போய் இறங்கிய நாலாம் நாள் ஒரு கால் மட்டும் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியதாயிற்று. காலில் ரத்தக்கட்டி! அது நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பிரயாணம் செய்தால் இந்த அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. பஸ், ரயிலுக்கும் இது பொருந்தும். பயந்துவிடாதீர்கள்... ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இது வருகிறது. ஆனால் வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி மலையில் இருப்பது போலத்தான். காற்றும் வறண்டிருக்கும். இதய, நுரையீரல் நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சர்க்கரை நோயாளிகள், நேர வித்தியாசத்துக்கு ஏற்ப மருந்தை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்று, நடுவில் எங்கோ ஒன்பது மணி நேரம் காத்திருக்கும் டிக்கெட்டை அம்மாவுக்கு வாங்காதீர்கள். நடைபாதையை ஒட்டிய சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். 'மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, கணுக்காலைச் சுழற்று, தண்ணி குடி' என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இறங்கிய சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அம்மாக்களே, பக்கத்து சீட்காரரின் தூக்கம் கலைந்தால் அவர் மறுபடி தூங்கிக்கொள்வார். கூச்சப்படாமல் எழுந்திருங்கள். பேரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க அந்தக் கால்கள் வேண்டாமா?