தப்பிச் சென்ற வாகனமும் தேடி வராத இழப்பீடும்

'அடையாளம் தெரியாத வாகனம் மோதி ஒருவர் பலி' என்கிற செய்தி இடம்பெறாத நாளிதழ் இந்தியாவின் எந்த மொழியிலும் இருக்க முடியாது. போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர் என்பதோடு அந்தச் செய்தி முடிந்துவிடுகிறது. இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார் இல்லை. கேட்டிருக்க வேண்டிய அரசும் கேட்கவில்லை என்பதுதான் வேதனை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். வாகனத்தை மோதிவிட்டு நிற்காமல் சென்ற விபத்துகள் மட்டும் 67,387. அவற்றில் மாண்டவர்கள் 30,486 பேர். அதாவது, சாலை விபத்தில் இறக்கும் ஆறு பேரில் ஒருவருக்கும் மேல், மோதியவர் யார் என்றே தெரியாமல் உயிரை விடுகிறார்கள்.

வாகனம் எதுவென்று தெரியாவிட்டால் இழப்பீடு கிடைக்காது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது தவறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவு இத்தகைய விபத்துகளுக்கென்றே இழப்பீட்டுக்கு வழி செய்திருக்கிறது. நீண்ட காலம் உயிரிழப்புக்கு ரூ. 25 ஆயிரம், படுகாயத்துக்கு ரூ. 12,500 என்று இருந்த தொகை, 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் முறையே ரூ. 2 லட்சம், ரூ. 50 ஆயிரம் என உயர்த்தப்பட்டது. அதற்கான புதிய திட்டம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வட்டாட்சியர் நிலையிலான வருவாய்த்துறை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் விசாரித்து அறிக்கை தருவார். மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார். பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும். இதற்கான நிதியில் காப்பீட்டு நிறுவனங்களின் பங்களிப்பும் இருக்கிறது. வாகன உரிமையாளர்கள் கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்தில் இருந்து வரும் பணம் அது. அரசு கொடுக்கும் தருமம் அல்ல.

சட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, அலுவலர் இருக்கிறார். ஆனால், 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் வெறும் 205. அவற்றிலும் தீர்வு காணப்பட்டவை 95 மட்டுமே. ஏறத்தாழ அதே காலகட்டத்தில் நிகழ்ந்த 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விபத்துகளோடு ஒப்பிட்டால், முன்னூறு விபத்துக்கு ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் நிலையும் இதைவிட மேலானதல்ல.

இந்த விவரங்கள் வெளிச்சத்துக்கு வந்தது, கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் மூலம். அந்த வழக்கில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, பங்கஜ் மித்தல் ஆகியோர் அடங்கிய அமர்வு 2024 ஜனவரி 12 அன்று தெளிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஒரு மாதத்துக்குள் வாகனத்தைக் கண்டறிய முடியாவிட்டால், இழப்பீடு கோரும் உரிமை உண்டு என்பதைக் காயமடைந்தவருக்கோ இறந்தவரின் வாரிசுகளுக்கோ காவல்துறை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விபத்து குறித்த அறிக்கையை விசாரணை அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். அதன் பிறகும் விண்ணப்பம் வரவில்லையெனில், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்தக் குடும்பத்தைத் தொடர்புகொண்டு உதவ வேண்டும். இவற்றையெல்லாம் கண்காணிக்க மாவட்டந்தோறும் குழு அமைக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. இழப்பீட்டுத் தொகையை உயர்த்துவது குறித்து மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது.

ஒரு குடிமகனுக்கு அவனது உரிமையை அஞ்சலட்டையில் எழுதித் தெரிவிக்கவும் உச்சநீதிமன்றம்தான் ஆணையிட வேண்டுமா? இந்தக் கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்திருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் இந்தப் பிரச்னையின் மறுபாதியில்தான் ஆர்வம் காட்டியது. 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த அவைகளில், பாரதிய நியாய சன்ஹிதா நிறைவேறியது. விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டு, காவல்துறைக்குத் தெரிவிக்காமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுகள் வரை சிறை என்றது அதன் 106(2) உட்பிரிவு. 2024 ஜனவரி தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வட மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் வரிசை கட்டி நின்றன. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்கிற ஓட்டுநர்களின் அச்சத்தையும் முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அரசு பின்வாங்கியது. 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஓட்டுநர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அவர்களது குரல் உள்துறை அமைச்சகம் வரை எட்டியது. சாலையோரம் நடந்து சென்று அடிபட்டவனுக்குச் சங்கம் இல்லை. பத்தாண்டு சிறையா, இரண்டாண்டு சிறையா என்கிற விவாதத்தில், அவனது மனைவிக்குச் சேர வேண்டிய ரூ. 2 லட்சம் பற்றிப் பேச யாருமில்லை. தண்டனை எவ்வளவு கடுமையானாலும், ஓட்டுநர் பிடிபடாத வரையில் அது ஏட்டில்தான் இருக்கும். இழப்பீடு அப்படியல்ல; அது ஓட்டுநர் பிடிபடாத குடும்பங்களுக்காகவே ஏற்பட்டது.

தொகையிலும் நியாயம் இல்லை. மோதிய வாகனம் இன்னதென்று தெரிந்தால், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ரூ. 5 லட்சம் பெற அதே சட்டத்தின் 164-ஆவது பிரிவு இடமளிக்கிறது. தீர்ப்பாயத்தை நாடினால் இறந்தவரின் வருமானத்துக்கும் வயதுக்கும் ஏற்ப அதைவிடக் கூடுதலாகவும் பெறலாம். வாகனம் தப்பிவிட்டால் ரூ. 2 லட்சம். வாகனத்தைப் பிடிக்க முடியாதது காவல்துறையின் இயலாமை. அதற்கான விலையைப் பாதிக்கப்பட்ட குடும்பம் ஏன் கொடுக்க வேண்டும்?

விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள்கள் வரை, ரூ. 1.5 லட்சத்துக்கு மிகாமல், கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையானது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அதற்கான சட்டப்பிரிவு 2019-இலேயே நிறைவேறிவிட்டது. உச்சநீதிமன்றம் கெடு விதித்த பிறகே திட்டம் உருவானது. தட்டினால்தான் திறக்கும் என்பது கதவுக்குப் பொருந்தலாம். மக்களாட்சி அரசுக்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்தில் இருக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையை அரசு மருத்துவரே எழுதுகிறார். வாரிசுச் சான்றிதழைத் தருவது வருவாய்த்துறை. இழப்பீட்டுக்குத் தேவையான ஆவணங்களில் பெரும்பாலானவை அரசின் கையிலேயே இருக்கும்போது, துக்க வீட்டினர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டிய அவசியம் என்ன? விண்ணப்பம் வரும் வரை காத்திருக்காமல், காவல்துறை அறிக்கையையே விண்ணப்பமாக ஏற்று நடவடிக்கையைத் தொடங்கும்படி திட்டத்தைத் திருத்த வேண்டும். தொகையை ரூ. 5 லட்சத்துக்கு இணையாக்க வேண்டும். எத்தனை விபத்துகள், எத்தனை இழப்பீடுகள் என்று மாவட்டவாரியான கணக்கு ஆண்டுதோறும் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கு, எந்தச் சாலையில் வெளிச்சமில்லை, எங்கே நடைபாதை இல்லை, எந்த இடத்தில் வாகனங்கள் மீண்டும் மீண்டும் மோதிவிட்டுத் தப்புகின்றன என்பதையும் காட்டிக்கொடுக்கும். விபத்தைத் தடுப்பதற்கான முதல் படியும் அதுவே.

உறுப்பினர்கள் தங்கள் தொகுதியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே போதும். கோப்புகள் நகரத் தொடங்கும். மோதியவர் ஓடிவிட்டார் என்பதற்காக அரசும் ஓடிவிடக் கூடாது.