ஆய்வாளருக்கும் வேண்டும் சனிக்கிழமைச் சம்பளம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் திருப்பூரில் கணக்கு முடித்தாக வேண்டும். டெய்லர், செக்கிங், அயர்ன், கைமடி என்று யாராக இருந்தாலும் வாரச் சம்பளம் அன்றே கைக்கு வரவேண்டும். இரண்டு வாரம் இழுத்தடித்தால் திங்கட்கிழமை அந்த மெஷினில் ஆள் இருக்காது. பக்கத்துக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருப்பார். அதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை.

ஓர் ஆய்வு மாணவர் ஜெர்மனிக்கோ கொரியாவுக்கோ கிளம்பினால் மட்டும் ‘நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு’ என்று பேச்சு எழுகிறது.

இளநிலை ஆய்வு உதவித்தொகையை ஒன்றிய அரசு 2023இல் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தியது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் மாதக்கணக்கில் வராமல் நிற்பது குறித்த புகார்கள் ஓயவில்லை. பட்டம் வாங்கிய பிறகு பலருக்குக் கிடைப்பது அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. 25,000 ரூபாய் தொகுப்பூதியம். இந்த வட்டாரக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்தில், 2022 அக்டோபருக்குப் பிறகு துணைவேந்தர் நாற்காலியே ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது. இந்தக் கதை புதிதல்ல. விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானா 1949இல் நாடு திரும்பி, வேலை கிடைக்காமல் மறுபடி இங்கிலாந்துக்கே போனவர். 1968இல் நோபல் பரிசு பெறும்போது அவர் அமெரிக்கக் குடிமகன்.

ஆய்வுக்கு வேலை இல்லாத ஊரா திருப்பூர்? ஒரு சாயப்பட்டறைக்குள் போய்ப் பார்க்கலாம். தண்ணீரில் பருத்தி நூலிழைக்கு எதிர்மின் தன்மை. சாயத்துக்கும் அதே தன்மை. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு உப்பு அரைக் கிலோவையும் தாண்டும். அந்த உப்பும் சாயமும் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை பாழானதால்தான், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. இன்று எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் ஆவியாக்கிகளிலும் தண்ணீரைப் பெருமளவு மீட்டுவிடுகிறார்கள். மிஞ்சுவது கலப்பு உப்பு. சல்பேட்டும் குளோரைடும் சாயக் கசடும் பிரிக்க முடியாமல் சேர்ந்த, பழுப்பேறிய ஈர மூட்டைகள் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கின்றன.

பருத்திக்கு நேர்மின் தன்மை ஏற்றிவிட்டால் உப்பே இல்லாமல் சாயம் பிடிக்கும் என்பது ஆய்வுக்கூடங்களில் தெரிந்த சங்கதி. செலவும், நிறம் திட்டுத்திட்டாக ஏறுவதும்தான் தடை. இதைத் தீர்க்கக்கூடிய வேதியியலாளர் ஏன் வேறு தேசத்துக்குப் போக வேண்டும்?

பணம் ஒரு காரணம். இந்தியா ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், தென் கொரியா ஏறக்குறைய 5 சதவீதம். அங்கே பெரும்பங்கு தொழில் நிறுவனங்களுடையது. இங்கே 2023இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, 5 ஆண்டில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டது. அதிலும் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்பதே எதிர்பார்ப்பு.

நேரமும் கூடிவந்திருக்கிறது. 2025இல் அமெரிக்கா ஆய்வு நிதியை வெட்டியபோது, ‘நேச்சர்’ இதழின் கேள்விக்குப் பதிலளித்த 1,600க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளில் நால்வரில் மூவர் நாட்டைவிட்டுப் போவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உடனே 50 கோடி யூரோ அறிவித்து அழைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரியில் திருப்பூர் தள்ளாடியது. விலையை மட்டும் நம்பி ஆர்டர் பிடிப்பதன் ஆபத்தை இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ராமலிங்கசாமி ஃபெலோஷிப் போன்ற திட்டங்கள் வெளிநாட்டிலிருந்து திரும்புபவருக்கு 5 ஆண்டு சம்பளம் தருகின்றன. ஆறாம் ஆண்டுக்கு உத்தரவாதம் இல்லை. அந்த இடத்தில்தான் ஏற்றுமதியாளர்களும் மாநில அரசும் செலவைப் பாதிப்பாதி ஏற்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலைய வளாகத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம், குழாயைத் திறந்தால் நிஜச் சாயக்கழிவு, 5 ஆண்டுக்குப் பின் வேலை தொடரும் என்பதற்கு எழுத்தில் உறுதி, மாதம் பிறந்தால் சம்பளம்.