பேக்கேஜ் மேனேஜரைத் தொகுக்க ரூட் உரிமை எதற்கு? எங்கள் குழுவின் நிலைப்பாடு

பேக்கேஜ் மேனேஜர் ஒன்றை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது, தொகுப்பு வேலையின் எந்தப் படியிலும் சூடோ வரக்கூடாது. எங்கள் கட்டற்ற மென்பொருள் குழு இதில் உறுதியாக இருக்கிறது. நிர்வாகி உரிமை தேவைப்பட்டால், முடிந்த கோப்புகளைப் பொது அடைவில் கொண்டுபோய் வைக்கும் கடைசிக் கட்டளைக்கு மட்டும் அதைக் கொடுக்கலாம். சொந்த ஹோம் அடைவை பிரிஃபிக்ஸாகக் கொடுத்தால் அந்தத் தேவையும் இல்லை.

பயிற்சி வகுப்புகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது: அவசரத்தில் ஒருவர் 'சூடோ மேக்' என்று அடித்துவிடுவார். உருவான கோப்புகள் எல்லாம் ரூட்டின் பெயரில் போய்விடும். மறுநாள் சாதாரணப் பயனராகத் தொகுத்தால் 'அனுமதி இல்லை' என்று வரும். உடனே மறுபடி சூடோ. பிழை எங்கே தொடங்கியது என்று தெரியாமலே அது பழக்கமாகிவிடுகிறது.

இது பழக்கத்தின் சிக்கல் மட்டுமல்ல. தொகுப்பின் முதல் படியான கன்ஃபிகர் என்பது வெறும் அமைப்புக் கோப்பு அல்ல, ஓடுகிற நிரல். கோப்புச் சுருக்க மென்பொருளான எக்ஸ்இசட் யூட்டில்ஸின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை 2024 மார்ச் 29 அன்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் வெளியிட்டார். அதைக் கிளப்பிவிடும் வரிகள் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார் கோப்பிலிருந்த, கன்ஃபிகரை உருவாக்கப் பயன்படும் ஓர் எம்4 கோப்பில் ஒளிந்திருந்தன. பின்கதவின் குறி எஸ்எஸ்எச் சர்வர்கள்தான், தொகுப்பவரின் கணினி அல்ல. ஆனாலும் களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் தெரியாத ஒன்று தொகுக்கும்போது ஓடியது. அப்படி ஓடுவதற்கு ரூட் உரிமையையும் கொடுக்கச் சொல்லும் வழிகாட்டிகளை எங்களால் ஏற்க முடியாது.

ரூட் இல்லாத தொகுப்பு புதிதல்ல. ஆர்ச் லினக்ஸில் பொதிகளைத் தொகுக்கும் மேக்பேக்கேஜ் ரூட்டாக ஓட மறுக்கிறது. அதற்கு முன்பிருந்த விதிவிலக்கையும் 2014இல் ஆர்ச்சின் பேக்கேஜ் மேனேஜரான பேக்மேனின் 4.2 பதிப்பு நீக்கிவிட்டது. பிகேஜிஎஸ்ஆர்சி என்ற பேக்கேஜ் மேனேஜரையும் உரிமையற்ற பயனராகவே நிறுவலாம்.

நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேனேஜரைக் காட்டி எங்களை மறுப்பவர்கள் உண்டு. அதன் ஸ்டோரைக் கொண்ட அடைவு, வேரடைவுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தால் முன்பே தொகுத்துவைத்த பொதிகள் உதவாது. அந்த அடைவை உருவாக்க ஒருமுறை நிர்வாகி உரிமை தேவை. நியாயமான தேவைதான், எதிர்க்கவில்லை. ஆனால் பலபயனர் நிறுவலில் நிக்ஸின் டெமன் ரூட்டாக இருந்தும், தொகுப்பு வேலையை உரிமை குறைந்த தனிக் கணக்குகளிடம் கொடுக்கிறது. ரூட்டைக் கையில் வைத்திருப்பவரே தொகுப்புக்கு அதைத் தொடுவதில்லை.

மென்பொருளை வெளியிடுவோரிடம் நாங்கள் கேட்பது: எந்தப் படிக்கு நிர்வாகி உரிமை வேண்டும், ஏன் வேண்டும் என்று அந்தப் படியின் அருகிலேயே எழுதுங்கள். கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களிடம்: மாணவருக்குச் சூடோ வேண்டாம், கம்பைலரும் ஹோம் அடைவில் போதிய இடமும் கொடுங்கள்.

எங்கள் பழைய பயிற்சிக் குறிப்புகளிலும் 'சூடோ மேக்' இருக்கிறது. திருத்தி முடிக்கும்வரை அவற்றை யாருக்கும் தரமாட்டோம்.