சாவுக்குருவியும் நாமும்

கோழிக்குஞ்சை வல்லூறு தூக்கிச் சென்றால் வீட்டுப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். அதில் தவறில்லை, நஷ்டம் அவர்களுடையது. ஆனால் அந்தக் கோபத்தில், கொன்று தின்னும் பறவைகள் அனைத்தையும் பகையாளியாக நினைத்துவிடுகிறோம். இரவில் வயலைக் காக்கும் கூகையைக்கூடச் 'சாவுக்குருவி' என்று கல்லெறிந்து விரட்டுகிறோம். பறவை செய்யும் கொலையையும் மனிதன் செய்யும் கொலையையும் விவசாயிகள் ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

கீச்சான் குருவியை எடுத்துக்கொள்வோம். வெட்டுக்கிளி, சிறு ஓணான் முதலியவற்றைப் பிடித்து முள்ளில் குத்தி வைக்கிறது. பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதன் கால்களுக்குப் பருந்தின் கால்களைப் போல் வலு கிடையாது. இரையைப் பிடித்துக் கிழிக்க முள் உதவுகிறது. தின்றது போக மிச்சம் அடுத்த வேளைக்கு ஆகிறது. நாம் குதிரில் நெல் வைப்பதும் இதுபோலத்தான்.

கூகை எலியை முழுதாக விழுங்கி, ஜீரணமாகாத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்கும் பாழ் மண்டபத்தில் கிடக்கும் உருண்டையைப் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டையோடும் பல்லும் இருக்கும், நெல்மணி இராது. எலி மிகுந்த காலத்தில் கூகை அதிக முட்டை இடுகிறது. எலி குறைந்தால் முட்டையும் குறைகிறது. குஞ்சுகளில் இளையது பட்டினியால் சாகிறது. அதன் வேட்டைக்குப் பசியே அளவுகோல்.

மனிதனின் கொலைக்கு அந்த அளவு இல்லை. பிரோமடியோலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிகிறது. கூகைக்குச் சுலபமாக அகப்படுவதும் அதுவே. அந்த விஷம் கூகையின் உடம்பிலும் சேர்கிறது. எலி மூன்று வாரத்தில் குட்டி போட்டு மீண்டும் பெருகிவிடும். போன கூகை அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

கெட்ட எண்ணம் இல்லாமலும் நாம் கொல்கிறோம். மாட்டின் வலி தீர டைக்ளோஃபினாக் ஊசி போட்டோம். அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் நம் நாட்டில் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது 2006-ல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று அவை முதுமலை, மாயாற்றுப் பகுதிகளில் கொஞ்சம் எஞ்சியிருக்கின்றன.

எலியை ஒழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. விளைந்த கதிரை எலி வளைக்குள் இழுத்துச் செல்லும்போது, போவது நம் பிள்ளைகளின் சோறு. ஆனால் விஷம் கடைசி வழியாக இருக்கட்டும். வரப்பைக் குறுக்குங்கள். வளைகளை வெட்டுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி வையுங்கள். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் செய்யுங்கள். எலிக்கு வரப்பு எல்லை இல்லை. எக்டருக்கு 40 முதல் 50 இடங்களில், கூகையும் ஆந்தையும் உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நடுங்கள். பகலில் கரிச்சான் அதே குச்சியில் இருந்து பூச்சி பிடிக்கும். மணி பிடிக்கத் தொடங்கியதும் தானியம் தின்னும் குருவிகள் வந்து உட்காரும். அப்போது குச்சிகளை எடுத்துவிடுங்கள். விஷம் வைத்தே தீரவேண்டுமானால் வளைக்குள் வைத்து மூடுங்கள். செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கிப் புதையுங்கள்.

கூகை அலறினால் சாவு வரும் என்பார்கள். வரத்தான் செய்கிறது, எலிக்கு. கூலி கேட்காத அந்தக் காவல்காரனைக் கல்லெறிந்து விரட்டாதீர்கள்.